பசி அறிந்த குரல்: கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டுள் இந்த உப்பளக் கடற்கரைக்கு உரிய பாட்டாகும். பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழி கூறும்போது எயிற்பட்டினத்தைக் காட்டுகின்றான். அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. நெய்தல் நில மக்கள் அங்கே பாணர்க்குச் சுட்ட மீனும் தேறலும் தந்து ஓம்பும் காட்சியை நல்லூர் நத்தத்தனார் விரித்துரைக்கின்றார்.

அதே பாட்டில் வேறொரு காட்சியும் உண்டு. கண் திறவாத குட்டிகள் பால் வேண்டி மொய்க்க, பால் சுரவாத தாய்நாய் நோவு தாளாது குரைக்கும் அடுக்களை அது. பசியால் மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் காணாதவாறு கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். உப்பு விளையும் துறைக்கு வழி சொல்லும் பாட்டிலேயே, பாடிப் பிழைப்போர் வீட்டில் உப்பு இல்லாத துயரம் இடம்பெற்றுள்ளது.

அப்பாட்டு தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், பாடிப் பிழைப்போரின் அதே வறுமையிலிருந்து காவிரிக் கரையில் ஒரு பெண் எழுந்தார். நாடக மேடையின் அரசியாகவும், விடுதலை இயக்கத்தின் குரலாகவும், தமிழ்ப் பக்தி இசையின் திருவுருவாகவும் அவர் விளங்கினார். அவரே கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள். வெண்ணிறக் கதராடையும் நெற்றி நிறைந்த நீறுமாகத் தமிழ்மக்கள் நெஞ்சில் நிலைத்துவிட்ட அவருடைய தோற்றத்துக்குப் பின்னே, தம் தொழிலின் மதிப்பைத் தாமே வகுத்துக்கொண்ட ஒரு கலைஞர் இருந்தார். அக்கலைஞரின் வாழ்வு இங்கே முறையாக நோக்கப்படுகிறது.

காவிரிக் கரையில்

அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததும், இந்நாளில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்ததுமான கொடுமுடி, தேவார மூவர் பாடலும் பெற்ற திருத்தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயப் பதிகம் பாடிய இடமும் அதுவே. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தாயார் பெயரின் முதலெழுத்துமே அவர் பெயருக்கு முன் நிற்கின்றன. தந்தையின் ஆதரவின்றிப் பிள்ளைகளை வளர்க்க வேண்டிய பொறுப்பு பாலாம்பாள்மீது விழுந்தது. தம் பெயருக்கு முன் தாயின் பெயரையே வாழ்நாள் முழுதும் தாங்கியதைவிடச் சிறந்த நன்றிக்கடன் மகளுக்கு வேறு இருந்திருக்க முடியாது.

வறுமை அவரைப் பாட வைத்தது. ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் ரயில் தடத்தில், வண்டிகளில் பாடிக் காசு பெறும் சிறுமியாக அவர் இருந்தார். குருகுல வாசமோ, முறையான நீண்ட பயிற்சியோ அவருக்கு முதலில் வாய்க்கவில்லை. வண்டிச் சக்கரங்களின் இரைச்சலை மீறிப் பயணிகளின் செவியில் விழவேண்டும். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட பொழுதுக்குள் கேட்போர் மனத்தை உருக்கவும் வேண்டும். சொல்லைத் தெளிவாக நிறுத்திப் பாடும் பண்பும், கேட்டவுடன் ஈர்க்கும் ஓங்கிய குரலும் இக்கட்டாயத்தில் முதிர்ந்தன எனக் கருதுவதில் பிழையில்லை. அக்குரலைக் கேட்டு வியந்தோர் வழியாக அவர் வேலு நாயரின் நாடகக் குழுவில் இடம்பெற்றார்.

சிறுமி முதலில் பெயர் பெற்ற நாடகங்களுள் ஒன்று நல்லதங்காள். பஞ்சத்தால் பிறந்தகம் நாடி வந்து, அண்ணி மூளியலங்காரியின் கொடுமையால் மனமுடைந்து, பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் வீழ்ந்து மாண்ட பெண்ணின் கதை அது. அதில் பசி பொறுக்காமல் அழுது பாடும் பிள்ளையாகச் சுந்தராம்பாள் தோன்றினார். அவையோர் கண்ணீர் விட்டனர். அப்பாட்டின் பொருளை அச்சிறுமி பிறரிடம் கேட்டு அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

சங்கரதாசரின் மேடை

சுந்தராம்பாள் வளர்ந்த நாடக உலகம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) ஒழுங்குசெய்து தந்த உலகமாகும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களின் கதையும் பாடலும் அனைவர்க்கும் மனப்பாடமாக இருந்தன. ஆகவே வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பெற்ற நடிகர்கள், ஒத்திகையின்றி ஒரே இரவில் கூடி நடித்தனர். இவற்றை ஸ்பெஷல் நாடகங்கள் என்றனர். கதை தெரிந்ததே; எனவே மக்கள் போட்டியைக் காணவே வந்தனர். வேலனும் வள்ளியும் பாட்டாலேயே தர்க்கம் புரிவர். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் அந்தக் கணமே மறுமொழி பாட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவர்க்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டாக வேண்டும். குரல் வளமும், மனப்பாடமும், சமயோசிதமும் ஒருங்கே வேண்டப்பட்ட தொழில் அது.

அத்தொழிலில் சுந்தராம்பாள் இளமையிலேயே முதலிடம் பெற்றார். பெண் வேடத்தோடு, ராஜபார்ட் எனப்படும் ஆண் தலைமை வேடத்தையும் ஏற்று நடித்தார். கடல் கடந்து இலங்கையிலும் அவர் புகழ் பரவியது. தேயிலைத் தோட்டத் தமிழரும் கொழும்பு வணிகரும் தமிழகத்து நாடகங்களை ஆவலோடு வரவேற்ற காலம் அது.

கிட்டப்பா

1926ஆம் ஆண்டில் இலங்கையில்தான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் இணைந்தனர். 1906இல் பிறந்த கிட்டப்பா, எட்டாத உயரங்களில் எளிதாக உலவும் குரலால் தமிழகத்தை வயப்படுத்தியிருந்தவர். சுந்தராம்பாளின் எதிரில் அவர் பாட்டு எடுபடுமா என்று சிலரும், அவர் எதிரில் சுந்தராம்பாள் நிற்க முடியுமா என்று சிலரும் ஐயுற்றனர். இருவர் குரலும் ஒன்றையொன்று தூண்டி உயர்ந்தன. 1927இல் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். அவர்கள் இணைந்து நடித்த வள்ளி திருமணம் ஊர்தோறும் திருவிழாவாயிற்று. இசைத்தட்டுகள் அவர்கள் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

அம்மணவாழ்வு மேடையில் கண்ட இன்பத்தை வீட்டில் தரவில்லை. கிட்டப்பா முன்பே மணமானவர். சாதியும் குடும்பமும் இருவர் நடுவே நின்றன. பிறந்த மகவும் நிலைக்கவில்லை. மதுப்பழக்கம் கிட்டப்பாவின் உடல்நலத்தை அழித்தது. பிரிவுகளும் ஊடல்களும் நிறைந்த அக்காலத்தில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் தெரிவது, தாம் தேடிக்கொண்ட வாழ்வில் தமக்குரிய இடத்தைக் கேட்கும் ஓர் இளம்பெண்ணின் வேதனை. அதனைத் தெய்வீகக் காதல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது அவர் பட்ட துயரை மறைப்பதாகும்.

வள்ளியின் தினைப்புனமும் வெள்ளையர் ஆட்சியும்

இவ்விருவரும் மேடையில் புகழோடு இருந்த ஆண்டுகள் விடுதலைப் போர் நாடகக் கொட்டகைக்குள் புகுந்த ஆண்டுகளுமாகும். ஆங்கில அரசு 1876லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் புராண நாடகத்தை முற்றிலும் தடுப்பது எளிதன்று. தினைப்புனம் காக்கும் வள்ளி பறவை ஓட்டுவாள். அவள் ஓட்டும் பறவைகளுள் வெள்ளைக் கொக்கும் உண்டு. அக்கொக்கு யார் என்பது கொட்டகையில் இருந்த எல்லோர்க்கும் விளங்கியது. குறிப்பெடுக்க வந்த காவலருக்கும் விளங்கியது. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்கள் இவ்வாறு முருகன் கதைக்குள்ளேயே இடம்பெற்றன. இதற்காகப் பலமுறை சிறை சென்ற தியாகி விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தார்.

ஆகவே, தேசப்பாட்டும் பக்திப்பாட்டும் வேறு வேறு என்னும் இன்றைய பாகுபாடு அம்மேடைக்குப் பொருந்தாது. சுந்தராம்பாளின் இசையைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாத செய்தி. வேலனை நோக்கிப் பாடிய அதே வாய், அடுத்த பாட்டில் காந்தியடிகளைப் பாடியது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து உப்பு எடுத்தபோது, ஏழையின் கீரைக்கும் வரி விதித்த கொடுமை நாடெங்கும் உணரப்பட்டது. உப்பு வரியையும் கதரையும் கள் ஒழிப்பையும் பற்றிய பாட்டுகள் மேடைகளில் ஒலித்தன. நாளிதழ் படிக்க அறியாத பல்லாயிரவர்க்கு அப்பாட்டுகளே நாளிதழாயின. காந்தியடிகளைப் போற்றிச் சுந்தராம்பாள் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் பரவின.

தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலையின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர். தாமே மேடையேறி நடித்தவர். நாடகக்காரரைக் கூத்தாடிகள் என இகழ்ந்த கண்ணியவான்கள் பலர் இருந்த காலத்தில், அவர் கலைஞர்களைக் காங்கிரசு மேடையில் தம் அருகே அமர்த்தினார். சுந்தராம்பாளைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1933க்குப் பின்

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அணிகலன்களைத் துறந்தார், வெள்ளைக் கதர் உடுத்தார். எந்த ஆடவருக்கும் இணையாக இனி மேடையில் நடிப்பதில்லை என உறுதி பூண்டு, சிலகாலம் பாடாமலும் இருந்தார்.

மீண்டும் அவர் பாட வந்ததற்குச் சத்தியமூர்த்தியின் வேண்டுகோளும், காந்தியடிகளின் சொல்லும் காரணமாயின. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்தபோது, பொற்றட்டில் உணவு படைக்கப்பட்டதாகவும், உணவு மட்டும் தமக்கா, தட்டும் சேர்த்தா என அவர் நகைமுகத்தோடு வினவ, சுந்தராம்பாள் தட்டையும் நாட்டுப்பணிக்கு அளித்ததாகவும் கூறுவர். 1937ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேர்தலில் அவர் பாட்டு காங்கிரசு மேடைகளுக்குப் பெருந்துணையாயிற்று. அவர் பாடுகிறார் என்று கேட்டாலே கூட்டம் திரண்டது.

கைம்மைக் கோலம் பூண்ட பெண்ணை மங்கல அவையிலிருந்து விலக்கிவைத்த சமூகம் இது. அச்சமூகத்தின் நடுவே, அக்கோலத்தோடேயே சுந்தராம்பாள் மேடையின் மையத்தில் நின்றார். கதர் அவ்வாடைக்குப் புதிய பொருள் தந்தது. துயரத்தின் வெண்மையும் தேசத்தின் வெண்மையும் ஓர் ஆடையில் இணைந்தன. மக்கள் அவரை விலக்கவில்லை, வணங்கினர்.

வெள்ளித்திரையில்

1935இல் பக்த நந்தனார் படத்தில் நடிக்க அவரை அணுகினர். நடிக்க விருப்பமில்லாத அவர், கொடுக்க மாட்டார்கள் என்று எண்ணி ஒரு லட்ச ரூபாய் கேட்டார். படமெடுத்தோர் இசைந்துவிட்டனர். எந்த நடிகரும் அதுவரை கேட்டிராத தொகை அது. ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமியின் பாட்டுக்கு அவரே வைத்த விலை அது. அப்படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். பெண்ணொருவர் ஆண் வேடத்தில், அதிலும் ஒடுக்கப்பட்ட உழவர் குடியில் பிறந்த அடியார் வேடத்தில் தோன்றினார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஆலய நுழைவுக் கிளர்ச்சி நாடெங்கும் எழுந்திருந்த காலத்தில், அவ்வேடத் தேர்வுக்கு ஒரு சமூகப் பொருளும் இருந்தது.

அடுத்து வந்தது மணிமேகலை (1940). பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் இடைவெளி. 1953இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் வெளிவந்தது. தமிழ்க் கவிமகளின் முகம் எது என்று கேட்டால் தமிழர் பலர்க்கு இன்றும் அப்படத்துச் சுந்தராம்பாளின் முகமே நினைவுக்கு வரும். பூம்புகாரில் (1964) கவுந்தியடிகள், திருவிளையாடலில் (1965) மீண்டும் ஔவையார், காரைக்கால் அம்மையாரில் (1973) அம்மையார் என அவர் ஏற்றவை தொடர்ந்தன.

இவ்வேடங்களை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் ஆகிய அனைவரும் இல்லற வட்டத்துக்கு வெளியே நின்று, சொல்லாலோ தொண்டாலோ உயர்ந்தவர்கள். இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதி அவர் கலையைச் சுருக்கிவிடவில்லை. கணவனின் நிழலில் நில்லாத பெண்களின் பெருமையைத் தமிழ்த்திரையில் நிலைநாட்டவே அது பயன்பட்டது. மற்றொன்றும் நோக்கத்தக்கது. மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவள். ஔவை கூழுக்கும் பாடினாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு. நல்லதங்காளின் பசித்த பிள்ளையாகத் தொடங்கியவர், பசி தீர்ப்பவளாகவும் பசியைப் பாடியவளாகவும் வளர்ந்தார்.

பூம்புகார்ப் படத்தின்போது நிகழ்ந்ததாகக் கூறப்படும் செய்தி அவர் உள்ளத்தைக் காட்டும். படத்துக்குத் திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் கலைஞர் மு. கருணாநிதி; பகுத்தறிவு இயக்கத்தவர். கவுந்தியடிகளோ சமணத் துறவி. முருகனடியாரான சுந்தராம்பாள் நெற்றி நீற்றை விடத் தயங்கினார். தெய்வத்தை ஐயுறும் வகையில் அமைந்த பாடல் தொடர் ஒன்றைப் பாடவும் மறுத்தார். எழுதியவர் அவர் மனத்தை மதித்து அதனை மாற்றித் தந்தார். கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவர், கலையில் ஒருவரை ஒருவர் மதித்த பண்பு போற்றத்தக்கது.

அவையும் விருதும்

விடுதலைக்குப் பின்னர், 1950களில் சுந்தராம்பாள் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக வீற்றிருந்தார். இந்தியத் திரைக்கலைஞர்களுள் சட்டமன்ற அவையொன்றில் முதலில் இடம்பெற்றவர் அவர் என்பர். நாடகத்திலிருந்தும் திரையிலிருந்தும் அரசியலுக்கு வந்தோர் தமிழகத்தில் பலர். அவ்வழியில் முன்னே சென்றவர் ஒரு பெண் என்பது மறக்கப்படுகிறது.

தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. 1969இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. தேசிய விருது பெற்றபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவ்வயதிலும் குரல் நடுங்கவில்லை, சொல் சிதையவில்லை. பழனியாண்டவரைப் பற்றி அவர் பாடிய பாடல்கள் கோயில் திருவிழாக்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கிகளில் எழுந்து, வயல்களையும் உப்பளங்களையும் தாண்டிக் கேட்டன. பாடியவர் பெயர் அறியாதவரும் அக்குரலை அறிந்திருந்தனர். 1980 செப்டம்பரில் அவர் சென்னையில் காலமானார்.

குரலின் இயல்பு

சுந்தராம்பாளின் இசையில் சங்கீத நுணுக்கங்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவை சொல்லுக்கு அடங்கியே நின்றன. ராகம் சொல்லைத் தூக்கிக் காட்டும், விழுங்காது. வல்லினம் வல்லினமாகவும் மெல்லினம் மெல்லினமாகவும் ஒலிக்கும். ழகரமும் றகரமும் தம் உரிய இடத்தில் நிற்கும். பாட்டின் பொருளைப் படித்தவர்க்கு ஒருவகையாகவும் பாமரர்க்கு ஒருவகையாகவும் அவர் பிரித்துப் பாடியதில்லை. தமிழிசை இயக்கம் கட்டுரைகளாலும் மாநாடுகளாலும் வலியுறுத்திய ஒன்றை, அவ்வியக்கம் தோன்றுமுன்பே நாடக மேடையில் அவர் நடைமுறையாகக் கொண்டிருந்தார்.

இன்று அவரை நினைப்போர் கிட்டப்பாவின் துணைவி என்றோ, ஔவையாராக நடித்தவர் என்றோ குறிப்பிட்டு அமைகின்றனர். இரண்டும் உண்மையே. ஆயினும் இரண்டும் அவரைப் பிறர் வழியாகக் காட்டுகின்றன. தாயின் பெயரைத் தாங்கி, பாட்டால் பசியை வென்று, இருபத்தைந்து வயதில் வந்த பெருந்துயரைத் தொழிலால் கடந்து, தம் கலைக்குத் தாமே விலையும் வரம்பும் வகுத்த பெண் என்று அவரைத் தனித்து நோக்குவதே அவருக்குச் செய்யும் முறை.

நல்லியக்கோடனின் புகழைச் சொல்லவந்த நத்தத்தனார், கடையெழு வள்ளல்களை நிரல்படக் கூறும்போது, ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானையும் நினைந்து போற்றுகின்றார். அவ்வாறு இக்கடற்கரைப் பாட்டில் முன்பே இடம்பெற்றவள் ஔவை. அவளுக்குப் பிற்காலத்தில் முகமும் குரலும் தந்தவர் சுந்தராம்பாள். கவிஞர் எழுதிய எழுத்து ஏட்டில் கிடக்கும். அதனைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் செவிவரை கொண்டு சேர்க்க ஒரு குரல் வேண்டும். அக்குரலுக்குரியவர் வீட்டு அடுக்களையில் உப்பு உண்டா என்று கேட்ட புலவர் வாழ்ந்த நிலம் இது. கொடுமுடி கோகிலத்தை நினைவுகூர இந்நிலத்துக்கு முழு உரிமை உண்டு. அவர் புகழ் நின்று வாழ்க.